பூஞ்சை வளர்கிறது, வித்துதான் வரமாட்டேன் என்கிறது!

காரைக்குடிப் பக்கம் முதுகலை நுண்ணுயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அம்மா கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தக்காளி போடுகிறார். போன தை மாதம் அடி இலைகளில் வளையம் வளையமாகக் கரும்பழுப்புப் புள்ளிகள் விழுந்து, செடி கீழிருந்து மேலாகக் காய்ந்தது. முன்பருவ இலைக்கருகல். மகள் அந்த இலையிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்து, ‘ஆல்டர்நேரியா சொலானி’ என்று தட்டில் எழுதி, ஒரு வருடமாக உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் (உருளைக்கிழங்குச் சாறும் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரையும் சேர்த்துக் கட்டியாக்கிய வளர்ப்பு மீடியம்), அதாவது பிடிஏவில், வளர்த்து வருகிறார். நொச்சி, வேம்பு இலைச்சாறுகள் இந்தப் பூஞ்சையைத் தடுக்குமா என்பதுதான் அவருடைய ஆய்வு. அதற்கு ஒரு மில்லிக்கு 10 லட்சம் வித்துகள் (பூஞ்சை பரவுவதற்காக விடும் நுண்ணிய ஸ்போர்கள்) கொண்ட கரைசல் வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். தட்டிலோ வெள்ளைப் பஞ்சு மட்டும்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு வித்துகூட இல்லை.

அவர் செய்து பார்த்தவை: டெக்ஸ்ட்ரோஸை இரட்டிப்பாக்கினார். ஈரம் போய்விடக் கூடாதென்று தட்டைப் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தால் இறுக்கிச் சுற்றி, கறுப்புத் தாளில் பொதிந்து வைத்தார். புற ஊதா ஒளி வித்தைத் தூண்டும் என்று ஒரு சீனியர் சொன்னதால், லாமினார் பெட்டியில் (வடிகட்டிய காற்று வீசும் ஆய்வகப் பெட்டி) இருக்கும் யுவி விளக்கின் கீழே அரை மணி நேரம் வைத்தார். அந்தத் தட்டுகளில் வளர்ச்சியே நின்றுவிட்டது.

இப்போது அவர் மனதில் இருப்பவை: தோழி ஒருத்தியிடம் கன்னங்கரேலென்று வித்து விடும் தட்டு இருக்கிறது, அதை வாங்கித் தன்னுடையதாகக் காட்டிவிடலாமா? அல்லது தன் தட்டைக் கரைத்து அம்மாவின் தக்காளியில் ஊற்றினால், இயற்கையாகவே வித்து வருமா? அல்லது கோலாலம்பூரில் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மாமா மகனுக்குத் தபாலில் அனுப்பிவிடலாமா? சித்திரையில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கடைசி வரி இது: “என் பூஞ்சை மலடாகிவிட்டதா ஐயா? அப்பத்தா தினமும் ‘என்னத்தா, வித்து வந்துருச்சா?’ன்னு கேக்குறாங்க, பதில் சொல்ல முடியலை.”

சரி, உங்களிடமே பேசுகிறேன்.

மலடு என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். ஆல்டர்நேரியா சொலானி, பிடிஏவில் வித்து விடாமல் படுத்துவதற்குப் பேர்போன பூஞ்சை. பல காலமாகத் தாவர நோயியல்காரர்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். உங்கள் கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ‘வெள்ளைப் பஞ்சு’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. எதைச் சேர்த்தால் வித்து வரும் என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

தட்டில் இருப்பது யார்?

ஆல்டர்நேரியா சொலானி பிடிஏவில் சாம்பலும் ஆலிவ் பழுப்புமாக வளரும். வயதாக ஆகக் கறுக்கும். தட்டைத் திருப்பிப் பார்த்தால் பல சமயம் மஞ்சளோ சிவப்போ அகாரில் இறங்கியிருக்கும். பால்போல வெள்ளையாக, பஞ்சாகப் பொங்கி நிற்பது அதன் இயல்பு அல்ல. அப்படியானால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. ஒன்று, இலையை மேற்பரப்புச் சுத்தம் செய்தபோது தப்பித்த வேறொரு பூஞ்சையை நீங்கள் ஒரு வருடமாகப் பேணி வளர்க்கிறீர்கள். இல்லையென்றால், ஆரம்பத்தில் சரியான பூஞ்சைதான் வந்தது, மறுவளர்ப்பு செய்து செய்து அது மாறிவிட்டது.

இரண்டாவதற்கு வாய்ப்பு நிறைய. மறுவளர்ப்பு செய்யும்போது நாம் எல்லோரும் வேகமாக வளர்ந்த ஓரத்திலிருந்து, பார்க்க அழகாக இருக்கும் பஞ்சிலிருந்துதான் துண்டு வெட்டுகிறோம். அதாவது, வித்து விடாமல் வளர்ச்சியிலேயே குறியாக இருக்கும் பகுதியை ஒவ்வொரு முறையும் நாமே பொறுக்கி எடுக்கிறோம். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்தால் வித்து விடும் குணம் மங்கிப்போவதில் ஆச்சரியம் இல்லை. வித்துள்ள பகுதியிலிருந்து எடுத்து வளர்ப்பதும், முதல் வளர்ப்பிலேயே சில நகல்களைப் பத்திரப்படுத்துவதும் அதனால்தான். 15 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம். அந்த வசதி இல்லையென்றால், கிருமி நீக்கிய வடிதாள் துண்டுகளின் மேல் பூஞ்சையைப் படரவிட்டு, உலர்த்தி, உறையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

ஆகவே பழைய தட்டோடு போராடுவதை ஓரம் வையுங்கள். உங்கள் நல்ல காலம், இப்போதும் தை மாதம்தான். பனி விழுகிறது, அம்மாவின் தோட்டத்தில் இந்த ஆண்டும் புள்ளி வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் போய், புதிதாக விழுந்த, நடுத்தர அளவுப் புள்ளிகள் உள்ள இலைகளைப் பறியுங்கள். முழுக்கக் காய்ந்து கருகிய இலை வேண்டாம். பாலித்தீன் பையில் போட்டால் வேர்த்து அழுகும், காகித உறையில் போடுங்கள். ஆய்வகத்தில் குழாய்த் தண்ணீரில் மெல்ல அலசி, ஒற்றி எடுத்து, பெட்ரித் தட்டில் நனைத்த வடிதாளின் மேல் இரண்டு கண்ணாடிச் சில்லுகளை வைத்து, அவற்றின் மேல் இலையைக் கிடத்துங்கள். இலை தண்ணீரைத் தொடக் கூடாது, ஆனால் தட்டுக்குள் காற்று ஈரமாக இருக்க வேண்டும். பகலில் ஜன்னலோரம், இரவில் இருட்டு. ஓரிரு நாளில் புள்ளியின் மேல் கறுப்பு முடிகள் நிற்பதுபோல வித்துகள் தெரியும்.

அப்போதுதான் அடையாளம் பார்க்க வேண்டும். சொலானி வகையின் வித்து பெரியது. வால்போல நீண்டு மெலிந்த நுனியோடு, அதாவது அலகோடு சேர்த்து 150 முதல் 300 மைக்ரான் வரை போகும். பெரும்பாலும் தனித்தனியாக நிற்கும். இதே புள்ளியில் ஆல்டர்நேரியா ஆல்டர்நேட்டா என்ற இன்னொன்றும் குடியிருக்கும். அதன் வித்து சிறியது, அலகு குட்டை, சங்கிலி சங்கிலியாகக் கோத்திருக்கும். செத்த திசுவில் வந்து உட்காரும் பழக்கம் அதற்கு உண்டு. வேகமாக வளரும், எந்த மீடியத்திலும் தாராளமாக வித்து விடும். பல ஆய்வகங்களில் சொலானி என்று பெயர் ஒட்டிய தட்டுக்குள் உண்மையில் இருப்பது இதுதான்.

உங்கள் தோழியின் ‘கன்னங்கரேல்’ தட்டைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது இதனால்தான். அதிலிருந்து ஒரு துளி எடுத்துப் பாருங்கள். சங்கிலி தெரிந்தால் கதை முடிந்தது. அது உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது.

நீண்ட அலகுள்ள ஒற்றை வித்தை மெல்லிய ஊசியால் எடுத்து, சத்தில்லாத வெறும் தண்ணீர் அகாரில் வையுங்கள். சில மணி நேரத்தில் முளைக்கும். அதை வெட்டி எடுத்து வளர்த்தால் அது ஒரே வித்திலிருந்து வந்த தூய வளர்ப்பு. அதை ஆரோக்கியமான தக்காளி இலையில் வைத்து, அதே வளையப் புள்ளி வருகிறதா, அதிலிருந்து அதே பூஞ்சை திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டால் ஒரு நோய்க்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று நிறுவ ராபர்ட் கோக் வகுத்த நிபந்தனைகளும் நிறைவேறிவிடும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வி இதிலிருந்துதான் வரும். தவிர, செடி வழியாக ஒருமுறை போய் வந்த பூஞ்சை, இழந்த வித்து விடும் குணத்தைப் பல சமயம் மீட்டுக்கொள்ளும்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உருளைக்கிழங்கில் வருவதையும் தக்காளியில் வருவதையும் முன்பு ஒரே சொலானியாக எழுதினார்கள். இப்போதைய வகைப்பாட்டில் தக்காளியில் வருவதைப் பெரும்பாலும் ஆல்டர்நேரியா லினாரியே என்று பிரிக்கிறார்கள். பூஞ்சைகளை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியின் வரிசையை மட்டும் வைத்து இந்த நெருங்கிய இனங்களைப் பிரிக்க முடியாது. டிஎன்ஏ அறிக்கையில் ஒரு பெயர் வந்துவிட்டது என்பதற்காக அதையே வேதவாக்காக எழுதிவிடாதீர்கள்.

வயிறு நிறைந்தால் வித்து வராது

டெக்ஸ்ட்ரோஸை இரட்டிப்பாக்கினீர்கள் அல்லவா, அது நேர் எதிர்த் திசை. சத்து கூடினால் பூஞ்சை உடம்பைப் பெருக்கும், வித்துப் பக்கம் போகாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜெர்மானியத் தாவரவியலாளர் கெயார்க் கிளெப்ஸ் இதைக் காட்டிவிட்டார்: வளர்ச்சிக்கு உகந்த சூழல் வேறு, இனப்பெருக்கத்துக்கு உகந்த சூழல் வேறு. சத்து தீரும்போதுதான் இரண்டாவது தொடங்குகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. காவிரிக்கரையாக இருந்திருந்தால் செட்டிநாட்டார் கொண்டுவிற்கப் பர்மாவுக்குக் கப்பல் ஏறியிருப்பார்களா? வானம் பார்த்த பூமி துரத்தியது, போனார்கள். வித்து என்பது பூஞ்சை ஏறும் கப்பல்.

அதனால் மீடியத்தை ஏழையாக்குங்கள். பிடிஏவில் ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கும் 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் போகிறது. அதற்குப் பதிலாக உருளைக்கிழங்கு கேரட் அகார் செய்யுங்கள்: இரண்டும் தலா 20 கிராம், வேகவைத்து வடிகட்டி, அகார் 20 கிராம், சர்க்கரை கிடையாது. ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும் வி-8 காய்கறிச் சாறு டின் இங்கே கடைகளில் தேடி அலைய வேண்டியதில்லை. உப்புப் போடாத தக்காளிச் சாறு 200 மில்லி, அதன் புளிப்பைச் சமன் செய்ய 3 கிராம் கால்சியம் கார்பனேட், மீதித் தண்ணீர். இது ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். இன்னும் எளிய வழி, தண்ணீர் அகாரின் மேல் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) தக்காளித் தண்டுத் துண்டுகளைப் போட்டு அதன் பக்கத்தில் பூஞ்சையை வைப்பது. பிடிஏவில் பிடிவாதம் பிடித்தவை பல, தண்டின் மேல் ஏறியதும் வித்து விட்டுவிடும். எனக்குப் பிடித்தது இந்த முறைதான். செலவும் இல்லை.

பாராஃபிலிம் சுற்றியதும் தப்பு. ஈரம் வேண்டும்தான், ஆனால் தட்டுக்குள் தண்ணீர் முத்து முத்தாக நின்று, கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் பஞ்சு பொங்குமே தவிர வித்து வராது. காற்று போய்வர வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியை இரண்டு இடத்தில் ஒட்டினால் போதும்.

இன்னொரு தந்திரம், காயப்படுத்துவது. ஏழு முதல் பத்து நாள் வளர்ந்த தட்டில் கொஞ்சம் கிருமி நீக்கிய தண்ணீர் ஊற்றி, வளைத்த கண்ணாடிக் குச்சியால் மேல் பஞ்சு முழுவதையும் தேய்த்துக் கலைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மூடியைச் சற்று விலக்கி ஈரம் வடியவிட்டு, அப்புறம் ஒளிக்குக் கொண்டுபோங்கள். அறுபட்ட இழைகளின் நுனியிலிருந்து வித்துக்காம்புகள் கிளம்பும். 1979-இல் ஷஹீனும் ஷெப்பர்டும் வெளியிட்ட முறை இதற்கு அண்ணன் மாதிரி. பூஞ்சை வளர்ந்த அகாரைத் துண்டு துண்டாக வெட்டி, வேறொரு மீடியத்தின் மேல் வைத்து, சில மில்லி தண்ணீர் விட்டு, 18 டிகிரியில் இருட்டில் வைப்பது. அந்த மீடியத்தில் லிட்டருக்குச் சர்க்கரை 20 கிராம், கால்சியம் கார்பனேட் 30 கிராம், அகார் 20 கிராம், அவ்வளவுதான். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும், தட்டில் ஊற்றும்போது குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டும்.

எந்த ஒளி, எப்போது இருட்டு

சீனியர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிதான் தட்டுகளைக் கொன்றது. லாமினார் பெட்டியில் இருப்பது 254 நானோமீட்டர் விளக்கு. அது கிருமியைக் கொல்வதற்காகவே வைக்கப்பட்டது. உயிர் தப்பினாலும் மரபணுவில் பிறழ்வு வந்திருக்கலாம், அந்தத் தட்டுகளை அழித்துவிடுங்கள். வித்தைத் தூண்டுவது அண்மைப் புற ஊதா, சுமார் 310 முதல் 400 நானோமீட்டர் வரை. அமெரிக்காவின் ஓரிகானில் வேலை பார்த்த லீச் 1960-களில் பலவகைப் பூஞ்சைகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார். ‘கறுப்பு ஒளி’ என்று விற்கும் டியூப் அந்த எல்லைக்குள்தான் எரிகிறது.

எங்கே வாங்குவது? பேக்கரியிலும் மிட்டாய்க் கடையிலும் நீலமாக எரியும் ஈ பிடிக்கும் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அதற்கான மாற்று டியூப் மின்சாமான் கடைகளில் கிடைக்கும். பெட்டியில் 365 அல்லது 368 நானோமீட்டர் என்று போட்டிருந்தால் உங்களுக்குத் தேவையானது அதுதான். 254 என்றிருந்தால் தொடாதீர்கள். வெறும் நீல நிற எல்இடியும் வேண்டாம். தட்டுக்கும் டியூபுக்கும் நடுவே ஒன்றேகால் அடி இருக்கட்டும். தட்டுகளை அடுக்காமல் பரப்பி வையுங்கள். எரியும்போது உற்றுப் பார்க்காதீர்கள்.

இங்கே ஒரு ஊகம் சொல்கிறேன். முன்பு இதே அறையில் சீனியர்களுக்கு வித்து வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், போன வருடம் அறையில் எல்லா டியூப்லைட்டையும் எடுத்துவிட்டு எல்இடி போட்டார்கள் என்றும் போகிறபோக்கில் ஒரு வரி. பழைய டியூப்லைட்டில் கொஞ்சம் அண்மைப் புற ஊதாவும் கசியும். பல பூஞ்சைகளுக்கு அதுவே போதும். வெள்ளை எல்இடியில் அது அநேகமாகக் கிடையாது. சீனியர்களுக்கே தெரியாமல் அவர்களுக்கு உதவிய விளக்கைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் கறுப்புத் தாளும் சுற்றியது கூடுதல்.

ஆனால் ஒளியை விடாமல் காட்டினாலும் ஆல்டர்நேரியா ஏமாற்றும். இதற்கு இரண்டு கட்டம் உண்டு. வித்துக்காம்பு உருவாக ஒளி வேண்டும். காம்பின் நுனியில் வித்து உருவாக இருட்டு வேண்டும். அந்த இரண்டாவது கட்டத்தில் சூடும் வெளிச்சமும் சேர்ந்தால் வேலை நின்றுவிடும். அதனால் 12 மணி நேரம் ஒளி, 12 மணி நேரம் இருட்டு. இருட்டு நேரத்தில் 18 முதல் 20 டிகிரி. ஏசி இல்லாத அறையில் பங்குனிக்கு மேல் இது நடக்காது, ராத்திரியும் புழுங்கும். துறையில் குளிரூட்டும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர் இருக்கும், அதில் ஒரு தட்டுக்கு இடம் கேளுங்கள். சாயங்காலம் வைத்து, காலையில் எடுத்து விளக்குக்கு அடியில் வையுங்கள். இரண்டு முதல் நான்கு நாளில் வித்து தெரிய வேண்டும்.

10 லட்சம் எதற்கு?

இதை வழிகாட்டியிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். மில்லிக்கு 10 லட்சம் என்பது சின்ன வித்துள்ள பூஞ்சைகளுக்குப் பழகிய எண். சொலானியின் வித்து பிரம்மாண்டமானது. இதில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் மில்லிக்கு 10,000 முதல் 50,000 வரை எடுக்கிறார்கள். 10,000 என்றாலே, இலையில் வைக்கும் 20 மைக்ரோலிட்டர் துளியில் 200 வித்துகள் இருக்கும். ஒரு புள்ளி விழ அது தாராளம். ஆசிரியரிடம் எண்ணைப் பற்றிக் கேட்பது அவரை எதிர்ப்பதாகாது. காரணத்தோடு கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

எண்ணுவதிலும் ஒரு சங்கதி. இந்த அடர்த்தியில் ஹீமோசைட்டோமீட்டரின் (எண்ணுவதற்குக் கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லு) ஒரு பெரிய கட்டத்தில் சராசரியாக ஒரே ஒரு வித்துதான் விழும், கணக்குத் தாறுமாறாகும். 10 மைக்ரோலிட்டர் துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து முழுத் துளியையும் எண்ணுங்கள், நூறு வித்து வந்தால் சரி. கரைசலில் ட்வீன் 20 (சோப்புபோல வித்தை நனைய வைக்கும் திரவம்) சொட்டளவு, அதாவது 0.05 சதவீதத்துக்கு மேல் போகாமல் சேர்த்து, இரண்டு மடிப்பு மல் துணியில் வடிகட்டுங்கள். பெரிய வித்து சட்டென்று அடியில் தங்கும், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குலுக்க வேண்டும்.

அப்படியும் வித்து வரவில்லை என்றால் உங்கள் படிப்பு முடிந்துபோகாது. இலைச்சாற்றை மீடியத்தில் கலந்து, நடுவில் பூஞ்சைத் துண்டை வைத்து, வளர்ச்சியின் விட்டத்தை அளக்கும் முறைக்கு வித்தே தேவையில்லை. குறை என்னவென்றால், சாறு வித்து முளைப்பதைத் தடுக்கிறதா என்று அது சொல்லாது. தோட்டத்தில் நோய் தொடங்குவதோ வித்து முளைப்பதில்தான். ஆய்வின் நோக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வழிகாட்டியின் ஒப்புதலோடு துறைக்கு எழுதிக் கேட்கலாம், அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எந்தெந்த மீடியத்தில், எந்த ஒளியில் வித்து வந்தது, எதில் வரவில்லை என்ற பட்டியலே ஒரு அத்தியாயம். ‘வரவில்லை’ என்பதும் முடிவுதான், அதை எழுத வெட்கப்பட வேண்டாம். என்னைக் கேட்டால், இப்போதே இரண்டையும் சேர்த்துத் தொடங்குங்கள். விட்டம் அளக்கும் வேலைக்கு இரண்டு வாரம் போதும், பின்னால் பதற்றம் இருக்காது.

தோழியின் தட்டு, அம்மாவின் தோட்டம், கோலாலம்பூர் தபால்

தோழியின் வளர்ப்பை வெளிப்படையாக வாங்கி, யாரிடமிருந்து, எந்தச் செடியிலிருந்து வந்தது என்று எழுதிப் பயன்படுத்தினால் அதில் குற்றமே இல்லை. சண்டிகரில் உள்ள எம்டிசிசி, புதுதில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐடிசிசி போன்ற வளர்ப்பு நிலையங்களிலிருந்தும் துறை வழியாக முறைப்படி வாங்கலாம், ஆனால் சித்திரைக்குள் வந்து சேரும் என்று நம்பி உட்காராதீர்கள். ‘தேவகோட்டைத் தக்காளியில் நான் பிரித்தெடுத்தது’ என்று எழுதுவதுதான் பிரச்சினை. அது தரவைப் புனைவது. பிடிபட்டால் பட்டம் போகும். மேலே சொன்ன சங்கிலி வித்துப் படம் ஆய்வேட்டில் இருந்தால், தேர்வாளர் பக்கத்தைப் புரட்டும்போதே பிடித்துவிடுவார்.

தோட்டத்தில் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். தட்டில் இருப்பது எதுவென்றே உறுதியாகத் தெரியாதபோது அதை அம்மாவின் பயிரில் விடுவீர்களா? ஆல்டர்நேரியா வித்து காற்றிலும் மழைச் சாரலிலும் பரவும், விழுந்த சருகில் அடுத்த பட்டம் வரை உயிரோடு கிடக்கும். பக்கத்துக் கொல்லைக்காரரின் தக்காளி, கத்தரிக்கும் அது போகலாம். இதில் அறிவியல் லாபமும் பூஜ்யம். தோட்டத்தில் ஏற்கெனவே இயற்கையாக இதே நோய் இருக்கிறது, பிறகு வரும் புள்ளி உங்களுடையதா அதனுடையதா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? இலை தோட்டத்திலிருந்து ஆய்வகத்துக்கு வரலாம், தட்டு ஆய்வகத்திலிருந்து தோட்டத்துக்குப் போகக் கூடாது. வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் இது பொருந்தும்.

மாமா மகனுக்கு அனுப்புவது சட்டச் சிக்கல். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி நம் மண்ணின் நுண்ணுயிரும் உயிரியல் வளம்தான். வெளிநாட்டு நிறுவனத்தின் ஆய்வுக்கு அதைக் கொடுக்க, சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். அரசு ஒப்புக்கொண்ட கூட்டு ஆய்வுகளுக்குத் தனி வழி உண்டு, அது உங்களுக்குப் பொருந்தாது. போய்ச் சேரும் நாட்டின் தாவரத் தடைக்காப்பு அனுமதியும் வேண்டும். சொந்தக்காரர் என்பதெல்லாம் சுங்கத்தில் செல்லாது. உறையில் போட்டுக் கமுக்கமாக அனுப்பினால் உங்களோடு அவர் வேலையும் சேர்ந்து சிக்கலாகும். நாட்டுக்குள்ளே நீங்கள் செய்யும் ஆய்வுக்கு இந்த அனுமதி தேவையில்லை, அதனால் பயப்பட வேண்டாம்.

மூச்சில் கவனம்

வித்து வந்த பிறகு இன்னொன்று. ஆல்டர்நேரியா வித்து ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் கிளப்பும். நீங்கள் நம்பும் லாமினார் பெட்டி காற்றை உங்கள் முகத்துக்கு நேராக ஊதும் வகையாக இருந்தால், அது தட்டைத்தான் காக்கும், உங்களை அல்ல. கறுத்த தட்டை அதற்குள் திறந்தால் வித்து நேராக மூக்குக்குத்தான் வரும். துறையில் உயிர்ப்பாதுகாப்புப் பெட்டி இருந்தால் அதில் திறங்கள். இல்லையென்றால் ஊதுகாற்றை அணைத்து, முகக்கவசம் போட்டு, மூடியை ஒரு கோடு திறந்து முதலில் ட்வீன் தண்ணீரை ஊற்றி வித்தை நனைத்துவிடுங்கள். நனைந்த வித்து அவ்வளவாகப் பறக்காது. பயன்படுத்திய தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே குப்பைக்கு அனுப்புங்கள்.

அம்மாவின் பயிருக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் இப்போதைக்கு என்ன செய்யலாம் என்று சொல்வார்கள். அடி இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துவதும், மாலையில் இலை நனையத் தண்ணீர் விடாமலிருப்பதும் இன்றைக்கே தொடங்கலாம். ஆனால் உங்கள் இலைகளை எடுத்த பிறகு மருந்து அடிக்கச் சொல்லுங்கள். மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி அடித்த இலையை ஈரத் தட்டில் வைத்தால் வித்து வராமல் போகலாம், அப்போது மறுபடி பூஞ்சையைக் குறை சொல்வீர்கள். இதற்கு முன் எந்த மருந்து, எந்தத் தேதியில், எந்த வரிசையில் அடித்தார் என்று அவரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, அடிக்காத வரிசையிலிருந்து பறியுங்கள்.